வெறிநாய்க்கடியும் குன்னூர் ஊசியும்

ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய், வளர்ப்பு விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களுள் மிகக் கொடியது. பூனைக் கீறலால் வரும் காய்ச்சல், நாயின் குடற்புழுக்கள், தோலில் பரவும் படர்தாமரை, கிளிகளிடமிருந்து வரும் நுரையீரல் அழற்சி ஆகியவை பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். ரேபிஸ் முற்றியபின் கட்டுப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை; அறிகுறி வெளிப்பட்டபின் பிழைத்தவர்கள் மிக அரிது. ஆனால் கடிபட்டவுடன் முறையான சிகிச்சையைத் தொடங்கினால் இதே நோயை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடலாம். கடிபட்ட நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே கிடைக்கும் சில வாரங்களை மனிதர் எப்படிப் பயன்படுத்தக் கற்றனர் என்பதே இந்நோய்த் தடுப்பின் வரலாறு. தென்னிந்தியாவில் அந்த வரலாற்றின் பெரும்பகுதி நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் நடந்தது.

நோயின் போக்கு

ரேபிஸை உண்டாக்குவது துப்பாக்கிக் குண்டு வடிவிலான ஒரு வைரஸ். நோயுற்ற விலங்கின் எச்சிலில் அது மிகுதியாக இருக்கும். கடிவாய் வழியாகத் தசைக்குள் நுழைந்து, நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டு, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் தண்டுவடத்தையும் மூளையையும் நோக்கி நகரும். பெரும்பாலோருக்கு நோய் வெளிப்பட 1 முதல் 3 மாதம் ஆகும். முகத்திலோ தலையிலோ கடிபட்டவர்களுக்கு மூளை அருகில் இருப்பதால் அந்த அவகாசம் குறையும். சிலருக்கு ஓராண்டைத் தாண்டியும் நோய் வந்ததுண்டு.

மூளையில் பெருகிய வைரஸ் மறுபடியும் நரம்புகள் வழியே இறங்கி எச்சில் சுரப்பிகளை அடைகிறது. மூளை பாதிக்கப்பட்ட விலங்கு காரணமின்றிக் கடிக்கத் தொடங்குவதும் அதே நாட்களில்தான். கடியும் எச்சிலும் ஒருசேர அமைவதால் நோய் அடுத்த உயிருக்குத் தாவுகிறது. மனிதருக்கு நோய் முற்றும்போது, தண்ணீரை விழுங்க முயன்றாலே தொண்டைத் தசைகளும் மூச்சுத் தசைகளும் இறுகித் துடிக்கும். தாகம் வாட்டினாலும் தண்ணீரைக் கண்டு நோயாளி அஞ்சுவது இதனால்தான். நோய் வெளிப்பட்ட சில நாட்களில் மரணம் நேரும்.

பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் இந்நோய் வரலாம். ஆயினும் மனிதருக்கு நேரும் ரேபிஸ் மரணங்களில் 99 சதவீதத்துக்கு நாயே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. மனிதனோடு முதலில் பழகிய விலங்கும், இன்றும் அவனோடு மிக நெருங்கி வாழும் விலங்கும் நாய்தான் என்பதே இதற்குக் காரணம்.

பழைய அறிவு

வெறிபிடித்த நாயின் கடி உயிரைக் கொல்லும் என்பது மிகப் பழங்காலத்திலேயே தெரிந்திருந்தது. இன்றைய இராக்கில் இருந்த எஷ்னுன்னா நகரின் சட்டத் தொகுப்பு ஏறத்தாழ கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாய்க்கு வெறி இருப்பதாக அதிகாரிகள் எச்சரித்த பிறகும் அதைக் கட்டிக் காவாத உரிமையாளர், அந்த நாய் கடித்து ஒருவர் இறந்தால் 40 ஷெக்கல் வெள்ளி தண்டம் கட்ட வேண்டும் என்று அதில் விதி உண்டு. இறந்தவர் அடிமையாயின் தண்டம் 15 ஷெக்கல். வளர்ப்பு நாய்க்கு உரிமையாளரே பொறுப்பு என்ற கொள்கைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று.

இந்தியாவில் சுசுருத சம்ஹிதையின் நஞ்சு மருத்துவப் பகுதி, வெறிகொண்ட நாய், நரி முதலியவற்றின் கடியை விவரிக்கிறது. கடிபட்டவர் தண்ணீரைக் கண்டு அஞ்சத் தொடங்கிவிட்டால் பிழைப்பதில்லை என்றும் அது கூறுகிறது. கடிவாயிலிருந்து இரத்தத்தை வெளியேற்றிச் சுடுநெய்யால் சுடுவது அதில் சொல்லப்பட்ட சிகிச்சை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த செல்சஸும் நஞ்சை உறிஞ்சி எடுத்துக் காயத்தைச் சுடும்படி எழுதினார். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கடிவாயைச் சுடும் வழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. சிறுவர்களும் அதற்குத் தப்பவில்லை. வைரஸ் நரம்புக்குள் புகுமுன் காயத்திலேயே அழிக்கப்பட்டால் நோய் வராது என்பதால், இக்கொடிய முறை சில சமயம் பலனும் அளித்திருக்கக்கூடும். மூலிகைகளையும் மந்திரிப்பையும் வேர்க்கட்டையும் நம்பியவர்களும் எங்கும் இருந்தனர். வெறியில்லாத நாய் கடித்து எந்தச் சிகிச்சையும் இன்றியே தப்பியவர்கள் அந்த நம்பிக்கைக்குச் சாட்சிகளாயினர்.

நாய்களைக் கொல்லும் சட்டங்கள்

காரணம் புரியாத காலத்தில் அரசுகள் கையாண்ட முதல் வழி நாய்களைக் கொல்வது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியிலிருந்த பம்பாயில் வெயில் காலத்தில் தெருநாய்களைக் கொல்வதற்கு உத்தரவு இருந்தது. கொன்ற நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணமும் தரப்பட்டது. பணத்துக்காக வீட்டு வாசல்களிலேயே நாய்களைப் பிடிக்கத் தொடங்கியதால் 1832 ஜூனில் அங்கே கலவரம் மூண்டது. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கடைகளை அடைத்தும் கோட்டைக்குச் செல்லும் உணவுப் பொருட்களை மறித்தும் எதிர்ப்பைக் காட்டினர். பொதுச் சுகாதாரத்துக்கும் மக்களின் நாய்ப்பற்றுக்கும் இடையே இந்தியாவில் எழுந்த தொடக்ககால மோதல்களுள் இதுவும் ஒன்று.

பிரிட்டனோ வேறு வழியில் வெற்றி கண்டது. நாய்களுக்கு வாய்க்கூடு கட்டாயமாக்கப்பட்டது; தெருவில் தனியே திரிந்தவை பிடிக்கப்பட்டன; வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களைப் பல மாதம் தனியே அடைத்துவைக்கும் விதியும் வந்தது. 1902இல் அந்நாட்டில் ரேபிஸ் ஒழிந்தது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பியவர்களுடன் வந்த நாய்களால் 1918இல் மீண்டும் நுழைந்த நோய் 1922க்குள் மறுபடியும் ஒழிக்கப்பட்டது. தீவு நாடு என்ற வசதியும், பெரும்பாலான நாய்களுக்கு உரிமையாளர் இருந்ததும் இதற்கு உதவின. உரிமையாளரும் ஊர்ப் பொதுநாய்களும் கலந்து வாழும் இந்தியாவில் அந்தச் சட்டங்களை அப்படியே செயல்படுத்த முடியவில்லை.

இலங்கையில் ஆங்கில அரசு 1893லேயே நாய்வெறி தொடர்பான கட்டளைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. கட்டாக்காலி நாய்களை அகற்ற அது அதிகாரம் அளித்தது. இலங்கைத் தமிழர் விசர்நாய்க்கடி என்று வழங்கும் இந்நோய் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் அங்கே உயிர்களைக் கொண்டுபோயிற்று.

பாரிஸில் பிறந்த சிகிச்சை

எச்சிலின் மூலமே நோய் பரவுகிறது என்பதை ஜெர்மானியரான ஜார்ஜ் சின்கே 1804இல் சோதனையால் நிறுவினார். 1879இல் லியோன் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் பியேர் விக்டர் கல்தியே நோயை முயல்களுக்கு ஏற்றிக் காட்டினார். நாயைவிட முயலைக் கையாள்வது எளிது என்பதால் ஆய்வுக்கூடங்களுக்கு இது பெரிய வாய்ப்பாயிற்று. லூயி பாஸ்தரும் அவருடைய உதவியாளர் எமில் ரூவும் அந்த வழியில் மேலே சென்றனர். வைரஸை முயலிலிருந்து முயலின் மூளைக்குத் தொடர்ந்து மாற்றியபோது நோய் வெளிப்படும் காலம் குறைந்துகொண்டே வந்து ஒரு நிலையில் நிலைத்தது. இப்படி நிலைப்படுத்திய வைரஸைக் கொண்ட முயல் தண்டுவடத்தை உலர்ந்த காற்றுள்ள குடுவையில் தொங்கவிட்டால் நாளுக்கு நாள் அதன் வீரியம் குறைந்தது. இரு வாரம் உலர்ந்த தண்டுவடம் நோயை உண்டாக்கவில்லை.

1885 ஜூலை 6 அன்று, அல்சேஸிலிருந்து தாயால் அழைத்து வரப்பட்ட ஜோசப் மேஸ்தர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு இந்தச் சிகிச்சை முதன்முதலாக அளிக்கப்பட்டது. நன்றாக உலர்ந்த தண்டுவடக் கரைசலில் தொடங்கி, படிப்படியாக வீரியம் மிகுந்தவற்றுக்கு ஏறி, 13 ஊசிகள் போடப்பட்டன. சிறுவன் பிழைத்தான். 1886 மார்ச்சில் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கிலிருந்து ஓநாய் கடித்த 19 பேர் பாரிஸுக்கு வந்தனர். அவர்களில் 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினர். பல நாடுகளிலிருந்து திரண்ட நன்கொடையால் 1888 நவம்பரில் பாரிஸ் பாஸ்தர் நிறுவனம் திறக்கப்பட்டது. சைகோன், துனிஸ் உள்ளிட்ட நகரங்களிலும் அடுத்தடுத்து இத்தகைய நிலையங்கள் எழுந்தன.

இந்தச் சிகிச்சைக்கு ஒரு கட்டாயம் இருந்தது. தண்டுவடங்களை நாள்தோறும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். உயிருள்ள மருந்தை நெடுந்தொலைவு அனுப்ப முடியாது. ஆகவே மருந்து நோயாளியைத் தேடிச் செல்லாது; நோயாளிதான் மருந்து இருக்குமிடத்துக்கு வர வேண்டும்.

கசௌலியும் குன்னூரும்

இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரிடையே வெறிநாய்க்கடி பெரும் அச்சமாக இருந்தது. பங்களாக்களில் வளர்ப்பு நாய்கள் பல. இரவில் குள்ளநரிகள் தோட்டங்களுக்குள் வந்து அவற்றைக் கடித்துவிட்டுப் போகும். ஊட்டியில் வேட்டைநாய்க் கூட்டத்தை ஏவிக் குள்ளநரிகளைத் துரத்துவது அவர்களின் விளையாட்டாகவே இருந்தது. கடிபட்ட படைவீரர்களும் அதிகாரிகளும் கப்பலேறிப் பாரிஸ் செல்ல வேண்டியிருந்தது. பயணத்துக்கே வாரக்கணக்கில் ஆனது; வழியிலேயே நோய் வெளிப்படலாம் என்ற அச்சமும் கூட வந்தது. சாதாரண மக்களுக்கு அந்த வழியும் இல்லை.

1890களில் இந்தியாவிலேயே ஒரு பாஸ்தர் நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஆய்வுக்காக விலங்குகளை வதைப்பதா என்று இங்கும் இங்கிலாந்திலும் எதிர்ப்பு எழுந்ததால் அது தாமதப்பட்டது. முடிவில் 1900இல் இமயமலைச் சாரலில் சிம்லாவுக்கு அருகிலுள்ள கசௌலியில் முதல் நிலையம் தொடங்கியது. படை மருத்துவர் டேவிட் செம்பிள் அதன் தலைவரானார். சமவெளியின் வெப்பத்தில் தண்டுவடம் அழுகிவிடும் என்பதும், முயல்களுக்கும் வெள்ளைக்கார மருத்துவர்களுக்கும் குளிர்ந்த இடமே ஏற்றது என்பதும் மலையைத் தேர்ந்தெடுக்கக் காரணங்களாயின.

கசௌலி வட கோடியில் இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து அங்கே செல்வதற்குள் விலைமதிப்பற்ற நாட்கள் கழிந்துவிடும். 1902இல் நீலகிரியில் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தது தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரலுக்கு வலுச் சேர்த்தது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபரும் ஆண்ட்ரூ கார்னகியின் பங்காளியுமான ஹென்றி பிப்ஸ், அப்போதைய வைஸ்ராய் கர்சனிடம் பொதுநலப் பணிக்காகப் பெருந்தொகை ஒன்றைக் கொடுத்திருந்தார். அதன் ஒரு பகுதி பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைக்கச் சென்றது. இன்னொரு பகுதி குன்னூருக்கு வந்தது. 1907 ஏப்ரலில் தென்னிந்தியப் பாஸ்தர் நிறுவனம் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே தன் பணியைத் தொடங்கியது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருந்த குன்னூருக்கு இன்னொரு வசதியும் வாய்த்திருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கர ரயில் 1899இலேயே அங்கே வந்துவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளிலிருந்து கடிபட்டவர்கள் ரயிலில் மேட்டுப்பாளையம் வந்து, மலை ரயிலில் ஏறிக் குன்னூரை அடைந்தனர். நாள் தவறாமல் ஊசி போட வேண்டியிருந்ததால் சிகிச்சை முடியும்வரை அங்கேயே தங்கவும் வேண்டும். மலைக்குளிரைக் கண்டிராத சமவெளி மக்களுக்கு அந்த நாட்களே சோதனையாக இருந்தன. நாய் கடித்தால் குன்னூருக்குப் போக வேண்டும் என்பது தென்னிந்தியக் குடும்பங்களில் பல தலைமுறை வழங்கிய பேச்சாயிற்று. பின்னர் ஷில்லாங், ரங்கூன், கல்கத்தா ஆகிய இடங்களிலும் இத்தகைய நிலையங்கள் வந்தன.

மலையிறங்கிய மருந்து

குன்னூருக்கும் கசௌலிக்கும் கூட்டம் வந்துகொண்டிருந்தபோதே அந்தப் பயணத்தைத் தேவையற்றதாக்கும் ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. கசௌலியில் 1905இல் அமைந்த மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் செம்பிள், நிலைப்படுத்திய வைரஸைக் கொண்ட மூளைத் திசுவை அரைத்து, பீனால் கலந்து, உடல்வெப்ப நிலையில் வைத்து வைரஸைக் கொன்றார். கொன்ற வைரஸும் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்று 1911இல் வெளியிட்ட அறிக்கையில் நிறுவினார். இந்த மருந்து குப்பியில் அடைபட்டுப் பல வாரம் கெடாமல் இருந்தது. நாள்தோறும் புதுத் தண்டுவடம் தேவையில்லை. முயலுக்குப் பதிலாக ஆட்டு மூளையையும் பயன்படுத்தலாம். மலையில் தயாரித்து அஞ்சலிலும் ரயிலிலும் மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்ப முடிந்தது. நோயாளியின் பயணம் மெல்ல மெல்லச் சுருங்கி, குன்னூர் என்பது ஊரின் பெயராக இருந்தது போய் ஊசியின் பெயராயிற்று. செம்பிள் தடுப்பூசி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆட்சி செலுத்தியது.

இந்த நிலையங்கள் எண்ணற்ற கடிகளின் விவரங்களைப் பதிவுசெய்து வந்ததால் தொற்றுநோய்க் கணக்கியலுக்கும் அவை பயிற்சிக் களமாயின. கசௌலிப் பாஸ்தர் நிலையத்தின் தலைவராக இருந்த ஏ. ஜி. மெக்கென்ட்ரிக், பின்னாளில் உலக நாடுகள் சங்கத்துக்காகப் பல நாட்டு நிலையங்களின் சிகிச்சைக் கணக்குகளைத் தொகுத்து ஆராய்ந்தார். தொற்றுநோய்ப் பரவலைச் சமன்பாடுகளால் விளக்கும் கெர்மாக்–மெக்கென்ட்ரிக் கோட்பாட்டில் இடம்பெறும் பெயர் அவருடையதே. குன்னூர் நிறுவன வளாகத்தில் ராபர்ட் மெக்காரிசன் நடத்திய சத்துக்குறை ஆய்வுகள் வளர்ந்து தனி ஆய்வுக்கூடமாகி, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தன. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதிலிருந்து வந்ததுதான்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி

தமிழ்நாட்டில் நடுவயதைக் கடந்தவர்களுக்கு நாய்க்கடி என்றதும் நினைவுக்கு வருவது தொப்புளைச் சுற்றிப் போடப்படும் 14 ஊசிகள். செம்பிள் தடுப்பூசியின் அளவு அதிகம். அதைத் தாங்கும் அளவுக்குத் தோலடியில் இடம் உள்ள பகுதி வயிறு. நாளுக்கு ஒன்றாக, இடம் மாற்றி மாற்றி, கடியின் கடுமைக்கேற்ப 7 முதல் 14 நாள் வரை ஊசி போடுவர். போட்ட இடம் வீங்கிச் சிவந்து வலிக்கும். சிகிச்சைக் காலத்தில் மதுவும் கடும் உழைப்பும் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியனுப்புவர். வலிக்கு அஞ்சி நடுவில் நிறுத்தியவர்கள் பலர். நாய்க்கடியை வீட்டில் மறைத்த சிறுவர்களும் உண்டு.

வலியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று மருந்திலேயே இருந்தது. அரைத்த மூளைத் திசுவில் நரம்புறைப் புரதங்களும் கலந்திருந்தன. சிலருடைய உடல் அவற்றை எதிர்க்கத் தொடங்கி, தன் சொந்த நரம்பு மண்டலத்தையே தாக்கியது. கால்கள் செயலிழந்தவர்களும் மூளை அழற்சிக்கு ஆளானவர்களும் உண்டு. சிலர் இறந்தும் போயினர். இத்தகைய விபரீதம் சில நூறு பேரில் ஒருவருக்கு என்று சில நாடுகளிலும், சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்று வேறு நாடுகளிலும் கணக்கிடப்பட்டது. கடித்த நாய்க்கு உண்மையில் வெறி இருந்ததா என்று தெரியாமலேயே ஊசி போட்டுக்கொண்டவர்கள்தான் அதிகம் என்பதால், தேவையற்ற ஆபத்தைச் சுமந்தவர்களும் அவர்களே. கடித்த வீட்டு நாயையோ பூனையையோ 10 நாள் கட்டிவைத்துக் கவனிக்கும் விதி இதனால் முக்கியமாயிற்று. கடித்த நாளில் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் அந்த விலங்கு 10 நாளுக்குள் நோயுற்று இறந்துவிடும். நலமாக இருந்தால் ஊசியைப் பாதியில் நிறுத்திவிடலாம்.

மூளைத் திசு கலந்த மருந்தைச் சீர்திருத்தும் முயற்சிகளும் நடந்தன. சிலியில் 1955இல், நரம்புறை இன்னும் உருவாகாத இளம் சுண்டெலிக் குட்டிகளின் மூளையிலிருந்து தடுப்பூசி செய்யப்பட்டது. குன்னூரில் பீனாலுக்குப் பதிலாக பீட்டா புரோப்பியோலாக்டோன் என்ற வேதிப்பொருளால் வைரஸைக் கொல்லும் முறை வந்தது. ஆட்டு மூளை மட்டும் மாறவில்லை.

எதிர்ப்புச் சீரமும் புதிய தடுப்பூசியும்

தடுப்பூசி போட்டபின் உடலில் எதிர்ப்புப் பொருள் உருவாக ஒரு வாரத்துக்கும் மேலாகும். முகத்தில் ஆழமாகக் கடிபட்டவருக்கு அந்த ஒரு வாரமே எமனாகிவிடும். ஏற்கெனவே உருவான எதிர்ப்புப் பொருளைச் சீரமாகச் செலுத்தி அந்த இடைவெளியை அடைக்கலாம் என்ற கருத்து இரண்டாம் உலகப் போருக்குப் பின் வலுப்பெற்றது. என். வீரராகவனின் தலைமையில் அப்போது இயங்கிய குன்னூர் நிறுவனம் இவ்வாய்வுகளில் பங்கேற்றது. 1952இல் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ரேபிஸ் பயிற்சியும் அங்கே நடந்தது. இரண்டே ஆண்டில் ஈரானில் சீரத்துக்கான சோதனை தானாகவே வாய்த்தது. 1954 ஆகஸ்டில் ஒரு கிராமத்தில் வெறிபிடித்த ஓநாய் 29 பேரைக் கடித்தது. தலையில் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் 3 பேர் இறந்தனர். சீரமும் தடுப்பூசியும் சேர்த்துப் பெற்ற 13 பேரில் இறந்தவர் ஒருவரே. ஆழ்ந்த கடிகளுக்குக் காயத்தைச் சுற்றிச் சீரம் செலுத்துவது அதன்பின் சிகிச்சையின் பகுதியாயிற்று.

அடுத்த மாற்றம் மூளைத் திசுவையே கைவிட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள விஸ்டார் நிறுவனத்தில் ஹிலாரி கொப்ரோவ்ஸ்கியும் டாடியஸ் விக்டரும் மனித உயிரணுக்களில் வைரஸை வளர்த்து 1960களில் புதிய தடுப்பூசியை உருவாக்கினர். ஈரானில் 1970களின் நடுவில் வெறிநாயும் வெறிகொண்ட ஓநாயும் கடித்த 45 பேருக்கு அது போடப்பட்டது, அனைவரும் பிழைத்தனர். கைத்தசையில் 5 ஊசிகள் போதும். நரம்புச் சிக்கலும் இல்லை. குறை அதன் விலை. கோழிக்கரு உயிரணுக்களிலும், குரங்குச் சிறுநீரகத்திலிருந்து பெற்ற வீரோ உயிரணுக்களிலும் வளர்த்த தடுப்பூசிகள் விலையைச் சற்றுக் குறைத்தன. வசதி படைத்தவருக்குத் தனியார் மருத்துவமனையில் கை ஊசி, ஏழைக்கு அரசு மருத்துவமனையில் வயிற்று ஊசி என்ற வேறுபாடு 1980களிலும் 1990களிலும் நிலவியது.

மூளைத் திசுத் தடுப்பூசியைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 1980களிலிருந்து வலியுறுத்தியது. இந்தியா 2004 டிசம்பருடன் அதன் தயாரிப்பை நிறுத்தியது. மாற்றத்துக்கு நீலகிரி ஏற்கெனவே ஆயத்தமாகியிருந்தது: குன்னூர் நிறுவனம் வீரோ உயிரணுத் தடுப்பூசிக்கு மாறியது, ஊட்டியில் அமைந்த இன்னொரு தொழிற்கூடமும் 2000 முதல் அதே வகைத் தடுப்பூசியைச் சந்தைக்கு அனுப்பியது. 2008இல் தரவிதிகளைக் காரணம் காட்டிக் குன்னூர், கசௌலி, கிண்டி ஆகிய மூன்று இடங்களிலும் இருந்த அரசுத் தடுப்பூசி நிலையங்களின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டதும், பலத்த விமர்சனத்துக்குப் பின் 2010இல் அந்த ஆணை விலக்கப்பட்டதும் இந்த வரலாற்றின் அண்மைக் கால அத்தியாயம்.

விலைச் சிக்கலைத் தீர்த்தது தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் கண்ட முறை. தசைக்குப் பதிலாகத் தோலுக்குள் 0.1 மி.லி. மட்டும் இரு இடங்களில் செலுத்தினால் அதே பாதுகாப்பு கிடைக்கும். ஒருவருக்கான குப்பி பலருக்குப் போதும். 2006இல் இந்தியா இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது. 0, 3, 7, 28ஆம் நாட்களில் நான்கு முறை சென்றால் அரசு மருத்துவமனையிலேயே சிகிச்சை இலவசமாக முடிந்துவிடுகிறது. பாரிஸுக்குக் கப்பலேறிய காலத்திலிருந்து உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையம் வரை இந்தச் சிகிச்சை வந்து சேர 120 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நாய்க்குப் போடும் ஊசி

இந்த நெடிய வரலாறு பெரும்பாலும் கடிபட்ட மனிதரைக் காத்த வரலாறு. வைரஸ் வாழும் இடம் நாய். அங்கே கைவைத்த நாடுகளே நோயை ஒழித்தன. ஜப்பானில் உமேனோவும் டோயும் 1921இல் நாய்களுக்கான தடுப்பூசியை வெளியிட்டனர். 1950இல் அந்நாடு வளர்ப்பு நாய்களைப் பதிவு செய்வதையும் தடுப்பூசி போடுவதையும் சட்டமாக்கியது. 1957க்குப் பின் அங்கே உள்நாட்டில் ரேபிஸ் தோன்றவில்லை. இலங்கையில் 1973இல் 377 பேர் இந்நோயால் இறந்தனர். 1975இல் தொடங்கிய தேசியத் திட்டம் நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போட்டதன் பயனாக, அண்மைப் பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்துவிட்டது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுபடும் என்பது இத்தகைய அனுபவங்களிலிருந்து கிடைத்த அளவுகோல்.

இந்திய நகரங்கள் நீண்ட காலம் கொல்வதையே நம்பின. சென்னை மாநகராட்சியின் நாய் வண்டி தெருவில் நுழைந்ததும் வீட்டு நாய்களை உள்ளே இழுத்துக் கட்டுவது நகரவாசிகளுக்குப் பழகிய காட்சியாக இருந்தது. ஆண்டுதோறும் கொன்றும் நாய்களின் எண்ணிக்கை குறையவில்லை. குப்பையும் இறைச்சிக் கழிவும் இருக்கும்வரை காலியான இடத்தை அடுத்த தெரு நாய்கள் வந்து நிரப்பின. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் நிறுவிய புளூ கிராஸ் அமைப்பு, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு அதே தெருவில் விடும் முறையை 1964 முதல் முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்றது 1996இல். 2001இல் அது நாடு முழுவதுக்குமான விதியாயிற்று. 2023இல் புதிய விதிகள் வந்தன. கருத்தடை நாய்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும். ரேபிஸைத் தடுப்பது உடன் போடப்படும் தடுப்பூசி. ஆண்டுதோறும் அது மறுபடியும் போடப்படாத இடங்களில் திட்டம் பாதியில் நிற்கிறது.

கோவா இதற்கு விலக்கு. அங்கே தொண்டு நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து வலை வீசிப் பிடித்த தெருநாய்களுக்கும் வீடு வீடாகச் சென்று வளர்ப்பு நாய்களுக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டன. 2018 முதல் சில ஆண்டுகள் மாநிலத்தில் மனித ரேபிஸ் மரணம் ஒன்றும் பதிவாகவில்லை.

இன்றைய நிலை

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாகவும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில் நேர்வதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கடிபடுவோரில் 10க்கு 4 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். 2024இல் இந்தியாவில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் 4.8 லட்சம். நாயால் பரவும் ரேபிஸ் மரணங்களை 2030க்குள் ஒழிக்கும் தேசியச் செயல் திட்டத்தை மத்திய அரசு 2021 செப்டம்பர் 28 அன்று அறிவித்தது. அந்த நாள் பாஸ்தர் இறந்த நாள். உலக ரேபிஸ் தினமாகவும் அது கடைப்பிடிக்கப்படுகிறது.

பழைய பழக்கங்கள் சில இன்னும் மறையவில்லை. கடிவாயில் மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, எண்ணெய், மஞ்சள் தடவுவது பரவலாக உள்ளது. இவை காயத்தைப் புண்ணாக்குமே தவிர வைரஸைக் கொல்லாது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவினால் காயத்திலுள்ள வைரஸில் பெரும்பகுதி அழிந்துவிடும். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பாலானது என்பதால் சோப்பு அதைச் சிதைக்கிறது. சுடுநெய்யாலும் பழுத்த இரும்பாலும் முன்னோர் செய்ய முயன்றதை இது வலியின்றிச் செய்கிறது.

வீட்டு நாய் என்பதால் ஆபத்தில்லை என்ற எண்ணமும் தவறு. தடுப்பூசி போடாத குட்டி, தெருநாயோடு ஒரு முறை மோதினாலே நோயை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடும். பிறந்து மூன்று மாதத்தில் முதல் ஊசியும், அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஆண்டு ஊசியும் நாய்க்கும் பூனைக்கும் தேவை. குட்டி விளையாட்டாகக் கடித்தாலும், தோல் கீறி எச்சில் பட்டாலும், கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தோலில் இரத்தம் கசியும் அளவுக்குக் கடி ஆழமானால் தடுப்பூசியோடு எதிர்ப்புச் சீரமும் சேர்த்துப் போட வேண்டும். முதல் ஊசிக்குப் பின் நாய் நலமாகவே தெரிந்தாலும், மருத்துவர் நிறுத்தச் சொல்லாதவரை மீதி ஊசிகளைத் தவறவிடக் கூடாது. இன்று ரேபிஸால் இறப்பவர்களில் பெரும்பாலோர், ஊசியே போடாதவர்களும், தாமதமாகப் போட்டவர்களும், பாதியில் விட்டவர்களும்தான்.